இலக்கத்தை ஏற்றும் முன்: அறிவியல் கணக்குகளில் உயர்துல்லியத்தைக் கையாள்வது எப்படி

க² − 10⁸க + 1 = 0. இந்த இருபடிச் சமன்பாட்டைப் பள்ளிக்கூடச் சூத்திரத்தை அப்படியே வைத்து பைத்தானில் தீர்த்துப் பாருங்கள். இரண்டு மூலங்களில் சின்னது 10⁻⁸ வர வேண்டும். வருவதோ 7.45 × 10⁻⁹. நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு தப்பு, அதுவும் நாலைந்து செயல்கள் மட்டுமே உள்ள ஒரு கணக்கில். எச்சரிக்கை எதுவும் வராது. தப்பான விடையும் பதினாறு இலக்கத்தோடு கம்பீரமாகத்தான் வந்து நிற்கும்.

இதைப் பார்த்ததும் கை தன்னால் உயர்துல்லிய லைப்ரரியைத் தேடிப் போகும். 50 இலக்கம் வைத்து ஓட்டினால் சரியாகிவிடும்தான். வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் விடை சரியானதும் காரணத்தைத் தேடுவதை விட்டுவிடுகிறோம், அதே ஓட்டை அடுத்த கணக்கில் இன்னும் பெரிதாக வரும்போது 50 பத்தாமல் 100, 100 பத்தாமல் 200 என்று ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் நிரல் நத்தையாக ஊர்கிறது, விடையை நம்பலாமா என்பதும் தெரிவதில்லை. அதனால் இலக்கம் எங்கே தொலைகிறது, எத்தனை தொலைகிறது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் லைப்ரரிக்குப் போவோம்.

எங்கே தொலைகிறது

வழக்கமாக நாம் பயன்படுத்தும் டபுள் என்ற எண் வகை 64 பிட் கொண்டது. ஐஇஇஇ 754 என்ற தரநிலை 1985-லிருந்து இதை வரையறுத்து வைத்திருக்கிறது: குறிக்கு 1 பிட், அடுக்குக்கு 11, மீதி 52 பிட் எண்ணின் உடலுக்கு, அதோடு எழுதாமலே கிடைக்கும் ஒரு பிட்டும் சேர்ந்து 53. தசமத்தில் சொன்னால் 15, 16 இலக்கம்.

இப்போது மேலே உள்ள கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சூத்திரப்படி 10⁸-லிருந்து (10¹⁶ − 4)-இன் வர்க்கமூலத்தைக் கழிக்க வேண்டும். உண்மையான வித்தியாசம் 2 × 10⁻⁸. ஆனால் 10⁸-க்குப் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு டபுள் எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியே 1.49 × 10⁻⁸. அதாவது வித்தியாசம் ஒரு படியாக இருக்கலாம், இரண்டு படியாக இருக்கலாம், ஒன்றேகால் படியாக இருக்க வழியே இல்லை. வர்க்கமூலம் கிட்டே இருக்கும் படியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, வித்தியாசம் 1.49 × 10⁻⁸ ஆகிறது, அதில் பாதி 7.45 × 10⁻⁹. கழித்தல் துல்லியமாகவே நடந்தது என்பதைக் கவனியுங்கள். கழித்தலுக்கு முன்பே வர்க்கமூலம் ரவுண்ட் ஆனபோது தகவல் போய்விட்டது. பெரிய இலக்கங்கள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு விழுந்ததும், அதுவரை மறைந்திருந்த அந்தப் பிழை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

மருந்து சூத்திரத்திலேயே இருக்கிறது. மேலும் கீழும் இணையெண்ணால் பெருக்கினால் சின்ன மூலம் 2 ÷ (10⁸ + வர்க்கமூலம்) என்று மாறும். கழித்தல் கூட்டலாகிவிட்டது. அதே டபுளில் 10⁻⁸ வந்துவிடும், ஒரு இலக்கம்கூட ஏற்றத் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை, நிரலைத் திறந்து, கிட்டத்தட்ட சமமான இரண்டு எண்களை எங்கெல்லாம் கழிக்கிறோம் என்று தேடுவது. 1 − காஸ் க என்று எங்காவது இருந்து, க-வின் மதிப்பு 10⁻⁸ ஆனால் டபுளில் விடை சுத்தமாக 0 வரும், 2 சைன்²(க/2) என்று மாற்றி எழுதினால் 5 × 10⁻¹⁷ சரியாக வரும். மடக்கை(1 + க) என்பதற்கு லாக்1பி, அடுக்குக்குறிச் சார்பிலிருந்து 1 கழிப்பதற்கு எக்ஸ்பிஎம்1 என்று தனிச் சார்புகள் பல மொழிகளில் இருக்கின்றன. அவற்றை யாரோ அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நானும் சில காலம் நினைத்திருந்தேன்.

நீளமான கூட்டல் இன்னொரு இடம். 0.1-ஐப் பத்து முறை கூட்டினாலே 0.9999999999999999 வரும், கோடிக்கணக்கில் கூட்டும்போது என்ன ஆகும் என்று யோசியுங்கள். பைத்தானில் எஃப்சம் இருக்கிறது, எல்லாவற்றையும் பிசகில்லாமல் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு முறை ரவுண்ட் செய்யும். மற்ற மொழிகளில் வில்லியம் கஹான் 1965-இல் வெளியிட்ட முறை போதும்: ஒவ்வொரு கூட்டலிலும் உதிர்ந்த சில்லறையைத் தனி மாறியில் வைத்துக்கொண்டு அடுத்த கூட்டலில் சேர்ப்பது. நாலு வரிதான். ஆனால் கம்பைலருக்கு ஃபாஸ்ட்-மேத் கொடி (வேகத்துக்காகக் கணக்கை மாற்றியமைத்துக்கொள் என்ற அனுமதி) கொடுத்திருந்தால் அது இந்த நாலு வரியையும் பார்த்து, இயற்கணிதப்படி இது பூஜ்யம்தானே என்று மொத்தமாகத் தூக்கி எறிந்துவிடும், நிரலில் கஹான் முறை இருக்கும், ஓடுவதில் இருக்காது. இதைத் தேடித் தேடி மண்டை காய்ந்தவர்கள் நிறையப் பேர்.

எத்தனை வேண்டும்

சூத்திரத்தை மாற்ற முடியாது, அல்லது மாற்றியும் பத்தவில்லை. சரி, இப்போது இலக்கம் ஏற்றலாம். எத்தனை? "கைவசம் இருக்கட்டும், 100" என்பது பதில் இல்லை. கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

விதி எளிது: நடுவில் வரும் மிகப் பெரிய எண்ணை இறுதி விடையால் வகுத்துப் பாருங்கள், அதில் எத்தனை இலக்கம் இருக்கிறதோ அத்தனை தொலையும். அதோடு உங்களுக்கு வேண்டிய இலக்கத்தைக் கூட்டி, காப்புக்கு ஐந்தோ பத்தோ சேர்த்துக்கொள்ளுங்கள். உதாரணமாக இயல்மடக்கை அடிமானத்தின் −30-ஆவது அடுக்கைத் தொடராக விரித்துக் கூட்டுகிறீர்கள் என்று வையுங்கள் (வேண்டுமென்றே மோசமான வழி, ஆனால் இதே குணமுள்ள தொடர்கள் சிறப்புச் சார்புகளில் நிறைய வரும்). தொடரின் மிகப் பெரிய உறுப்பு 30³⁰ ÷ 30!, அதாவது சுமார் 7.8 × 10¹¹. விடையோ 9.36 × 10⁻¹⁴. இரண்டுக்கும் நடுவே 25 இலக்கம். டபுளில் இருப்பதே 16 என்பதால் வருவது முழுக்கக் குப்பை. 15 இலக்கம் சரியாக வேண்டுமென்றால் 25 + 15, காப்போடு சேர்த்து 50 வைத்தால் நிம்மதி. (அல்லது +30-க்குக் கூட்டி 1-ஐ அதனால் வகுத்துவிடலாம், டபுளே போதும். மறுபடியும் சூத்திரம்தான்.)

நேரியல் சமன்பாட்டுத் தொகுதிகளில் இதே வேலையை அணியின் நிலைமை எண் (உள்ளீட்டின் சின்னப் பிழை விடையில் எத்தனை மடங்காகலாம் என்று சொல்வது) செய்கிறது. அதன் பத்தடிமான மடக்கை எவ்வளவோ அத்தனை இலக்கம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஹில்பர்ட் அணி இதற்குப் பேர்போன உதாரணம்: வெறும் 10 × 10 அளவிலேயே நிலைமை எண் 1.6 × 10¹³, டபுளில் தீர்த்தால் மூன்று இலக்கம் மிஞ்சினால் பெரிய விஷயம். ஆனால் இங்கேயும் எல்லாவற்றையும் உயர்துல்லியத்தில் செய்யத் தேவையில்லை. நிலைமை எண் அந்த அளவுக்குக் கெட்டுப்போகாத அணிகளில், காரணிப்படுத்தலை டபுளில் செய்துவிட்டு, எச்சத்தை (விடையைச் சமன்பாட்டில் போட்டால் மிஞ்சும் வித்தியாசத்தை) மட்டும் டபுளைப்போல் இரு மடங்கு துல்லியத்தில் கணக்கிட்டு, திருத்தம் போட்டு, மறுபடி எச்சம் பார்த்து, இப்படி நாலைந்து சுற்று போனால் விடை சீராகிவிடும். செலவெல்லாம் காரணிப்படுத்தலில்தான், அது மலிவாகவே நடக்கிறது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. உங்கள் வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்வியின் படி அளவே 10⁻⁶ பிழை தருகிறது என்றால் 200 இலக்கம் வைத்தாலும் அந்தத் தப்பு விடைதான் 200 இலக்கத்தில் வரும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் கோள்களுக்கிடையே கலம் அனுப்பும் மிகத் துல்லியமான கணக்குகளுக்கே பையின் மதிப்பாக 3.141592653589793 போதும் என்று சொல்லியிருக்கிறது, அது டபுள் அளவுதான். மறுமுனையில், சில எண்களுக்குள் முழுஎண் உறவு இருக்கிறதா என்று தேடும் பிஎஸ்எல்க்யூ போன்ற வேலைக்கு உயர்துல்லியம் இல்லாமல் கதையே நடக்காது: ந எண்கள், உறவின் கெழுக்களில் த இலக்கம் என்றால் குறைந்தது ந × த இலக்கத் துல்லியம் வேண்டும். பையின் பதினறும இலக்கங்களை முந்தையவை தெரியாமலே எடுக்கும் பெய்லி–போர்வைன்–புளூஃப் சூத்திரம் 1995-இல் அந்த வழியில்தான் அகப்பட்டது.

எதை எடுப்பது

19 இலக்கம் போதுமென்றால் சி மொழியின் லாங் டபுள், அதுவும் இன்டெல் வகைச் செயலியில் மட்டும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் லாங் டபுளும் டபுளும் ஒன்றே, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

34 இலக்கத்துக்குக் குவாட் வகை, 128 பிட். ஜிசிசி, ஜிஃபோர்ட்ரான் கம்பைலர்கள் இரண்டிலும் கிடைக்கும், ஆனால் ஐபிஎம்மின் பவர் 9 போன்ற சிலவற்றைத் தவிரப் பெரும்பாலான செயலிகளில் மென்பொருள் வழியாகத்தான் ஓடும். கிட்டத்தட்ட அதே துல்லியத்தை டபுள்-டபுள் என்ற தந்திரத்தால் வேகமாகப் பெறலாம்: ஒரு எண்ணை இரண்டு டபுள்களின் கூட்டுத்தொகையாக வைத்துக்கொள்வது, பெரிய பங்கு ஒன்றில், உதிர்ந்த சில்லறை இன்னொன்றில். இரண்டு டபுள்களைக் கூட்டி அதன் பிழையையும் துல்லியமாகப் பிடிக்க ஆறே செயல் போதும் என்று கணினி அறிஞர் டொனால்ட் நூத் காட்டியிருக்கிறார். பெருக்கலுக்கு எஃப்எம்ஏ கட்டளை (பெருக்கிக் கூட்டிவிட்டு ஒரே முறை ரவுண்ட் செய்வது) உள்ள செயலியில் இரண்டே செயல். ஒரு டபுள்-டபுள் கூட்டலுக்கு 11 முதல் 20 சாதாரணச் செயல்கள் ஆகும், கையில் சுமார் 31 இலக்கம் கிடைக்கும். நாலு டபுள் வைத்தால் 62. க்யூடி லைப்ரரி இரண்டையும் தருகிறது.

அதற்கு மேலே போனால் எம்பிஎஃப்ஆர் லைப்ரரி. இது பெரிய எண்களுக்கான ஜிஎம்பி லைப்ரரி மேல் கட்டப்பட்டது, எத்தனை பிட் கேட்டாலும் தரும், முக்கியமாக ஒவ்வொரு செயலையும் சரியாக ரவுண்ட் செய்து தரும், ஆகவே எந்தக் கணினியில் ஓட்டினாலும் விடை ஒன்றே. ஜூலியா மொழியின் பிக்ஃப்ளோட் வகை உள்ளே இதுதான், முன்னிருப்பாக 256 பிட். பைத்தான்காரர்களுக்கு எம்பிமேத். எம்பி.டிபிஎஸ் = 50 என்று ஒரு வரி எழுதினால் 50 தசம இலக்கம், தொகையீடு, மூலம் காணல், பெஸ்ஸல், ஜீட்டா சார்புகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கூடவே ஜிஎம்பிஒய்2 நிறுவியிருந்தால் அதைத் தானே எடுத்துக்கொண்டு வேகமாக ஓடும். நான் எதற்கும் முதலில் எம்பிமேத்தில் சின்னதாகச் செய்துபார்த்துவிட்டு, எத்தனை இலக்கம் என்று உறுதியான பிறகே சி பக்கம் போவேன்.

பைத்தானின் டெசிமல் தொகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது பணக் கணக்குக்கு அருமை, 0.1 அதில் 0.1-ஆகவே இருக்கும், முன்னிருப்பு 28 இலக்கம். ஆனால் பத்தடிமானம் என்பதால் மட்டும் அறிவியல் கணக்கு துல்லியமாகிவிடாது. மூன்றில் ஒன்று அங்கேயும் முடியாத எண்தான். சைன், காஸ்கூடக் கிடையாது.

கசிவு

இந்தப் பகுதிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். ஒருமுறை ஒரு தொகையீட்டை 100 இலக்கத்தில் ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், தெரிந்த விடையோடு 16 இலக்கம் ஒத்துப்போகிறது, 17-லிருந்து எல்லாம் தப்பு. 150 இலக்கம் வைத்தும் அதே 17-இல் பிரிகிறது. காரணம், நிரலின் மேலேயே எம்பிஎஃப்(0.1) என்று எழுதியிருந்தேன் (எம்பிஎஃப் என்பது எம்பிமேத்தின் எண் வகை). பைத்தான் முதலில் 0.1-ஐ டபுளாக்கி, அந்த டபுளை எம்பிமேத்திடம் கொடுத்திருக்கிறது. அந்த டபுளின் உண்மையான மதிப்பு 0.1000000000000000055511151231257827…, அதை எம்பிமேத் பாவம் 100 இலக்கம் வரை பத்திரமாகக் காப்பாற்றியிருக்கிறது. 0.1-ஐ மேற்கோள் குறிக்குள் போட்டு எழுத்துச்சரமாகக் கொடுத்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

எத்தனை இலக்கம் ஏற்றினாலும் விடை 16, 17-ஆவது இலக்கத்திலேயே நின்றுவிட்டால் எங்கேயோ டபுள் கசிகிறது என்று அர்த்தம், வேறு எதையும் தேடாதீர்கள். கசியும் இடங்களும் கிட்டத்தட்ட எப்போதும் இவைதான்: 1/3 என்று எழுதுவது (எம்பிஎஃப்(1)/3 என்று எழுத வேண்டும்), எம்பிமேத்தின் பை இருக்கும்போது மேத் தொகுப்பின் பையை எடுப்பது, சைனையும் பழைய தொகுப்பிலிருந்தே கூப்பிடுவது, நம்பை (பைத்தானின் அணிக் கணக்குத் தொகுப்பு) அணி ஒன்றின் வழியாக எண்களைக் கொண்டுபோவது. ஃபோர்ட்ரானில் இன்னும் மோசம், பின்னொட்டு இல்லாத 0.1 ஒற்றைத் துல்லியம், குவாட் மாறியில் போட்டாலும் ஏழெட்டு இலக்கம்தான் சரி. கோப்பில் எழுதிவைத்துத் திரும்பப் படிப்பதும் கசிவுதான்: டபுளைக்கூட 17 இலக்கமாக எழுதினால்தான் அதே எண் திரும்ப வரும், ஆறு தசமத்தோடு அச்சிட்டுவிட்டு அப்புறம் புலம்பிப் பயனில்லை.

சரிபார்ப்பது

எல்லோரும் சொல்லும் வழி, இரண்டு துல்லியத்தில் ஓட்டி, ஒத்துப்போகும் இலக்கங்களை நம்புவது. பெரும்பாலும் நல்ல வழிதான், நானும் செய்கிறேன். ஆனால் கணித அறிஞர் சீக்ஃப்ரீட் ரம்ப் 1988-இல் காட்டிய உதாரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு செய்யுங்கள்:

333.75·ஆ⁶ + அ²(11·அ²·ஆ² − ஆ⁶ − 121·ஆ⁴ − 2) + 5.5·ஆ⁸ + அ/(2·ஆ)

அ = 77617, ஆ = 33096. அன்றைய ஐபிஎம் எஸ்/370 கணினியில் ஒற்றை, இரட்டை, நீட்டித்த துல்லியம் மூன்றிலும் 1.1726… என்றே விடை வந்தது. மூன்றும் ஒத்துப்போகின்றன, யார்தான் நம்பமாட்டார்கள்? சரியான விடை −0.8273960599…, குறியே தப்பு. 77617² என்பது 5.5 × 33096² + 1-க்குச் சமமாக இருக்கும்படி எண்களைத் தேர்ந்திருக்கிறார். அதைப் போட்டு விரித்தால் பெரிய உறுப்புகள் எல்லாம் அடிபட்டு −2 மட்டும் மிஞ்சும், அதோடு கடைசிப் பின்னம் 1.1726 சேரும். நடுவில் வரும் எண்களோ 7.9 × 10³⁶ அளவு. அத்தனை பெரிய எண்ணில் −2 எங்கே ஒட்டும், அது காணாமல் போய் 1.1726 மட்டும் நின்றுவிட்டது. இன்றைய டபுளில் இதைப் போட்டால் 10²¹ அளவில் ஏதோ ஒரு பூதம் வரும், குவாட்கூடப் பத்தாது, 40 இலக்கம் வைத்தால் சரியாகும். மேலே சொன்ன விதிப்படி 37 இலக்கம் தொலையும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

ஆக, துல்லியத்தை மட்டும் மாற்றிப் பார்க்காமல் கூட்டும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள், ரவுண்டிங் திசையை மேல்நோக்கி ஒருமுறை, கீழ்நோக்கி ஒருமுறை வைத்துப் பாருங்கள், உள்ளீட்டின் கடைசி இலக்கத்தைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். உத்தரவாதமே வேண்டுமென்றால் ஃப்ளின்ட் லைப்ரரியில் சேர்ந்துவிட்ட ஆர்ப். ஒவ்வொரு எண்ணையும் நடுப்புள்ளி, அதைச் சுற்றி ஒரு ஆரம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும், உண்மையான விடை அந்த வட்டத்துக்கு வெளியே போகாது. துல்லியம் பத்தாவிட்டால் தப்பான எண்ணைத் தைரியமாகச் சொல்லாது, ஆரம் பெருத்துப்போய் "தெரியவில்லை" என்று ஒப்புக்கொள்ளும்.

கடைசியாக இலக்கம் ஏற்றுவதே தப்பான மருந்தாகும் ஒரு வகை. 4, 4.25 என்று ஆரம்பித்து, அடுத்த உறுப்பு = 108 − (815 − 1500/முந்தையதற்கு முந்தையது)/முந்தையது என்று போய்க்கொண்டே இருங்கள். ழான்-மிஷேல் முல்லர் தந்த தொடர் இது. உண்மையில் இது 5-ஐ நோக்கிப் போக வேண்டும். டபுளில் பத்து உறுப்பு வரை ஒழுங்காக வந்து, பன்னிரண்டு, பதின்மூன்றில் தடுமாறி, அப்புறம் நேராக 100-க்குப் போய் அங்கேயே அசையாமல் உட்கார்ந்துவிடும், பார்க்கிறவருக்கு அழகாக ஒருங்கிய விடை மாதிரியே இருக்கும். ஒவ்வொரு அடியிலும் பிழை 20 மடங்கு பெருகுகிறது, அதாவது அடிக்கு 1.3 இலக்கம் செலவு. 50 இலக்கம் வைத்தால் 38 அடி தாங்கும், 100 வைத்தால் 77. நூறாவது உறுப்பு 15 இலக்கம் சரியாக வேண்டுமானால் 145 இலக்கம், ஆயிரமாவது வேண்டுமானால் 1,300-க்கும் மேல். எத்தனை வைத்தாலும் நாள்தான் தள்ளிப்போகிறது.

பைத்தானின் ஃபிராக்ஷன் வகையை எடுத்து இதையே பின்னங்களாகப் போட்டுப் பாருங்கள். ரவுண்டிங் என்பதே இல்லை, பெருகுவதற்குப் பிழையும் இல்லை, 5-ஐ நோக்கிச் சமர்த்தாகப் போகும். பின்னம் பூதமாக வளர்ந்துவிடுமே என்ற பயம் வரும், எனக்கும் வந்தது. நூறாவது உறுப்பை அச்சிட்டு எண்ணிப் பார்த்தேன்: மேலே 71 இலக்கம், கீழே 70.